விமானத்தின் மூக்கில் ஒரு படம்: ‘நோஸ் ஆர்ட்’ பற்றி முதலிலிருந்து

சுறா மீன் வாயைப் பிளந்தது போல முகப்பில் பல் வரைந்த ஒரு பழைய போர் விமானம். படத்துக்குக் கீழே ஒரு வரி: ‘எதிரியைப் பயமுறுத்த விமானிகள் வரைந்துகொண்ட நோஸ் ஆர்ட்’. இந்தப் படம் உங்கள் கைபேசிக்கும் என்றைக்காவது வந்திருக்கும். அந்த ஒரு வரியிலேயே மூன்று சிக்கல்கள். எதிரியைப் பயமுறுத்துவது பெரும்பாலும் நோக்கமே இல்லை. வரைந்தவர்கள் பெரும்பாலும் விமானிகள் இல்லை. அந்தச் சுறா முகத்தை நோஸ் ஆர்ட் என்று சொல்லலாமா என்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

இரண்டாம் உலகப் போர் பற்றிப் பேச்சு வந்தால் இந்தப் படங்களும் கூடவே வந்துவிடுகின்றன. ராணுவ விமானத்தின் மேல் எந்த வண்ணத்தைப் பார்த்தாலும் நாம் இதே பெயரைச் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லும்போது, அந்தப் படத்தின் கீழே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்ட இருபது வயதுப் பையன்களுக்கு அது என்னவாக இருந்தது என்பது விட்டுப்போகிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அதனால் அடியிலிருந்து வருவோம்.

## முதலில் ஒரு லாரி

நாமக்கல் லாரி ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் எழுத்தும் படமும் நிறைய இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே வகை இல்லை.

டி.என். 28 என்று தொடங்கும் நம்பர் பிளேட் அரசாங்கம் கொடுத்தது. அதை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை. பக்கவாட்டில் இருக்கும் டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் பெயர் அடுத்தது. அந்தக் கம்பெனியின் முப்பது லாரியிலும் அதே எழுத்து, அதே நிறம்தான். கடைசியாக, கண்ணாடிக்கு மேலே நெற்றியில் குலதெய்வத்தின் பெயர், பெண்ணின் பெயர், பையனின் பெயர், ஒரு ஜோடிக் கண். இது அந்த ஒரு லாரிக்கு மட்டும் உரியது. எழுதச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. எழுதியது அதை ஓட்டுகிறவர்களின் விருப்பம்.

அரசாங்கத்துடையது, கம்பெனியுடையது, ஓட்டுகிறவருடையது. இந்த மூன்று அடுக்கும் மனதில் இருந்தால் போதும், விமானத்துக்குப் போய்விடலாம்.

## விமானத்திலும் அதே மூன்று அடுக்கு

‘மெம்ஃபிஸ் பெல்’ என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தை எடுத்துக்கொள்வோம். பி-17 ரகம், நான்கு எஞ்சின், 10 பேர் கொண்ட குழு. 1942 இலையுதிர் காலத்திலிருந்து 1943 மே வரை இங்கிலாந்திலிருந்து பறந்து, ஜெர்மனியின் பிடியில் இருந்த ஐரோப்பாவின் மீது குண்டு போட்டது.

அதன் வாலில் 124485 என்ற எண். இது வரிசை எண், அதாவது ராணுவம் ஒவ்வொரு விமானத்துக்கும் கொடுக்கும் பதிவெண். கூடவே வெள்ளை நட்சத்திரம், எந்த நாட்டு விமானம் என்று காட்டும் தேசியச் சின்னம். இரண்டும் முதல் அடுக்கு, நம்பர் பிளேட் மாதிரி.

உடலின் பக்கவாட்டில் டி.எஃப். என்ற இரண்டு பெரிய எழுத்துகள். எந்த ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது என்பதற்கான குறி அது. ஸ்குவாட்ரன் என்றால் ஒரே தளத்திலிருந்து ஒன்றாக இயங்கும் பத்து, இருபது விமானங்களைக் கொண்ட பிரிவு. இது இரண்டாம் அடுக்கு, கம்பெனிப் பெயர் மாதிரி.

மூக்கில், விமானியின் ஜன்னலுக்குக் கீழே, நீச்சலுடை அணிந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணும் ‘மெம்ஃபிஸ் பெல்’ என்ற பெயரும். கேப்டன் ராபர்ட் மோர்கனின் காதலி மார்கரெட் போல்க் மெம்ஃபிஸ் நகரத்துப் பெண். பெயர் அவரை வைத்து வந்தது. படம் ‘எஸ்குவையர்’ பத்திரிகையில் ஜார்ஜ் பெட்டி வரைந்த ஒரு ஓவியத்தைப் பார்த்து வரைந்தது. விமானத்தின் இடப்பக்கத்தில் அவள் உடை நீலம், வலப்பக்கத்தில் சிவப்பு. இதுதான் மூன்றாம் அடுக்கு. இதற்குப் பெயர்தான் நோஸ் ஆர்ட்.

சுருக்கமாகச் சொன்னால்: ஒரு தனி விமானத்துக்கு, அதில் பறப்பவர்கள் தாங்களே சூட்டிக்கொண்ட பெயரும் படமும் நோஸ் ஆர்ட். ராணுவம் கொடுத்தது அதில் சேராது.

## சுறா, புலி, டிஸ்னி

இப்போது அந்தச் சுறாவுக்கு வருவோம். அந்தப் படத்தை உலகத்துக்குப் பரப்பியவர்கள் ‘பறக்கும் புலிகள்’ என்று அழைக்கப்பட்ட அமெரிக்கத் தன்னார்வ விமானிகள். கிளேர் செனால்ட் தலைமையில் சீனாவுக்காகச் சண்டை போட வந்து, 1941 கடைசியில் பர்மாவில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் இருந்தது பி-40 என்ற சண்டை விமானம். அதன் மூக்குக்குக் கீழே காற்று இழுக்கும் பெரிய திறப்பு ஒன்று உண்டு. சுற்றிப் பல் வரைந்தால் அப்படியே வாய்தான்.

யோசனை அவர்களுடையது இல்லை. வட ஆப்பிரிக்காவில் பறந்த பிரிட்டனின் 112ஆம் ஸ்குவாட்ரன் தங்கள் விமானங்களில் சுறா வாய் வரைந்திருந்தது. அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்துத்தான் பர்மாவில் வரைந்தார்கள். பிரிட்டிஷ்காரர்களுக்கு முன்பே ஜெர்மன் பிரிவு ஒன்று தன் மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்களில் சுறா வாய் வைத்திருந்தது. ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரே படத்தைக் கைமாற்றிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

சரி, இது எந்த அடுக்கு? பிரிவு முழுக்க ஒரே முகம். ஆகவே கம்பெனிப் பெயருக்குத்தான் நெருக்கம். இடம் மூக்காக இருந்தாலும் கருத்தளவில் இது பிரிவுச் சின்னம். அந்தப் புலிகளுக்கு இறக்கை முளைத்த புலி ஒன்றை வரைந்து கொடுத்தது வால்ட் டிஸ்னியின் ஸ்டுடியோ. போர்க் காலத்தில் சுமார் 1,200 ராணுவப் பிரிவுகளுக்கு அந்த ஸ்டுடியோ காசு வாங்காமல் சின்னம் வரைந்து கொடுத்தது. அவையும் இரண்டாம் அடுக்கே.

இன்னொன்றையும் பிரித்துவிட வேண்டும். உடம்பெல்லாம் பெரிய பெரிய புள்ளியோ பட்டையோ போட்ட குண்டுவீச்சு விமானங்களின் படங்கள் உண்டு. அவை வயதான விமானங்கள். நூற்றுக்கணக்கான விமானங்கள் மேகத்துக்கு மேலே ஏறி வரிசை சேரும்போது, ‘என் பின்னால் வாருங்கள்’ என்று காட்ட ஒரு அடையாளம் வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் உயரமாகக் கொடி பிடித்து நிற்பது போல. வரிசை சேர்ந்ததும் அது தளத்துக்குத் திரும்பிவிடும். இது அலங்காரமே இல்லை, சமிக்ஞை.

## ‘உபயம்’ எழுதிய விமானங்கள்

கோயிலில் டியூப்லைட்டின் மேல் ‘உபயம்: இன்னார்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விமானத்திலும் அப்படி எழுதியிருக்கிறார்கள். இதையும் பலர் நோஸ் ஆர்ட்டோடு சேர்த்துவிடுகிறார்கள்.

முதல் உலகப் போரில் ஹைதராபாத் நிஜாம் கொடுத்த பணத்தில் வந்த விமானங்களை பிரிட்டனின் 110ஆம் ஸ்குவாட்ரன் ஓட்டியது. ஒவ்வொரு விமானத்திலும் நிஜாமின் கொடை என்று எழுதப்பட்டிருந்தது. பிரிவின் பெயரே ‘110 (ஹைதராபாத்) ஸ்குவாட்ரன்’ என்றானது. இரண்டாம் உலகப் போரில் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களின் பெயரோடு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ ஒட்டிக்கொண்டது. இலங்கையின் பெயரைத் தாங்கிய 102 (சிலோன்) ஸ்குவாட்ரன் ஜெர்மனி மீது இரவில் குண்டு போடும் பிரிவு. நம் ஊர்ப் பெயர் அந்த வானத்தில் பறந்தது இப்படித்தான்.

சோவியத் ஒன்றியத்தில் இதே வழக்கம் இன்னும் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. சரத்தோவ் பகுதியில் ஃபெராபோன்ட் கோலோவாத்தி என்ற கூட்டுப் பண்ணை விவசாயி, தேன் விற்றுச் சேர்த்த 1,00,000 ரூபிளை 1942இல் கொடுத்து ஒரு யாக்-1 விமானத்துக்கு வழி செய்தார். அவர் பெயரை விமானத்தின் உடலில் எழுதினார்கள். மனதைத் தொடும் விஷயம்தான். ஆனால் அது கொடுத்தவரின் பெயர், பறந்தவரின் விருப்பம் இல்லை.

இதுவரை பார்த்ததில்: சுறா முகம் பிரிவுடையது, புள்ளிகள் சமிக்ஞை, ‘உபயம்’ கொடையாளருடையது. மீதமிருப்பதுதான் நம் விஷயம்.

## யார் வரைந்தார்கள், எப்படி?

வரைந்தவர்கள் பெரும்பாலும் தரைப் பணியாளர்கள். இரவெல்லாம் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிற மெக்கானிக்குகள், ஆயுதம் ஏற்றுகிறவர்கள். அவர்களில் யாருக்காவது கைவண்ணம் இருந்தால் போதும், தளம் முழுக்கச் செய்தி பரவிவிடும். ‘மெம்ஃபிஸ் பெல்’லை வரைந்த டோனி ஸ்டார்சரும் அப்படி ஒருவர். இங்கிலாந்தின் பேசிங்போர்ன் தளத்தில் இருந்த அவர் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களில் வரைந்தார். கூலி சில டாலர், இல்லாவிட்டால் ஒரு பாட்டில் விஸ்கி.

வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். எஞ்சின் பழுது பார்க்கும் ஸ்டாண்டின் மேல் ஏறி நின்று, பத்திரிகையிலிருந்து கிழித்த பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் சாக்பீஸால் உருவக் கோடு. சின்னப் படத்தைப் பெரிதாக்கக் கட்டம் போட்டுக்கொள்வார்கள், நம் ஊர் பேனர் ஓவியர்கள் செய்தது போலவே. பெயின்ட் பெரும்பாலும் விமானத்துக்கென்று வந்ததுதான்: தேசியச் சின்னத்துக்கு வைத்திருந்த வெள்ளை, நீலம், சிவப்பு, எச்சரிக்கை எழுத்துகளுக்கு வைத்திருந்த மஞ்சள், கறுப்பு. தோல் நிறம் வேண்டுமென்றால் அவர்களே கலந்துகொள்ள வேண்டும். கீழே இருப்பது வழவழப்பான பலகை இல்லை. வரிசை வரிசையாக ரிவெட் அடித்த அலுமினியத் தகடு. கன்னம் வரைகிற இடத்தில் நாலு ரிவெட் தலை வந்து நிற்கும்.

ஏன் மூக்கு? விமானியின் இடம் இடப்பக்க ஜன்னல், அதன் கீழே வெறும் தகடு. குழுப் புகைப்படம் எடுப்பதும் அங்கேதான். பி-24 என்ற ரகத்துக்குப் பக்கவாட்டுச் சுவர் தட்டையாக இருக்கும், அதனால் இடம் இன்னும் தாராளம். பசிபிக் போர்முனையில் சார்ஜன்ட் சார்கிஸ் பார்டிஜியன் ஒரு பி-24இன் மூக்கில் டிராகனின் தலையைத் தொடங்கி, அதன் உடம்பை விமானம் நீளத்துக்கும் வால் வரை வரைந்துகொண்டே போனார். அப்படி ஒரு படத்தை மூக்கோவியம் என்று சொல்வதே கொஞ்சம் குறைவு.

## ஏன் வரைந்தார்கள்?

இதுதான் மையம். ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம்.

குழு ஒரு முறை கிளம்பித் தாக்கிவிட்டு வருவதை மிஷன் என்பார்கள். இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சுக் குழுக்கள் 1943இல் 25 மிஷன் முடித்தால் வீட்டுக்குப் போகலாம். ஒவ்வொரு மிஷனிலும் நூறு விமானத்துக்கு நாலுதான் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க அவ்வளவு மோசமாகத் தெரியாது. ஆனால் அதே ஆபத்தை 25 தடவை தாண்ட வேண்டும். கணக்குப் போட்டால் நூறு குழுக்களில் சுமார் 36தான் மிஞ்சும். சில நாட்கள் இதைவிடக் கொடூரம். 1943 அக்டோபர் 14 அன்று ஷ்வைன்ஃபர்ட் நகரத்துக்குப் போன 291 விமானங்களில் 60 திரும்பவில்லை. ஒரே பிற்பகலில் 600 பேர். இரவில் பறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் போர் முடிவதற்குள் இறந்தவர்கள் 55,573 பேர்.

இந்த நிலையில் ஒரு பையன் விடியற்காலையில் 124485 என்ற எண்ணுக்குள் ஏற வேண்டும். எண்ணுக்குள் ஏறுவது வேறு, பெயருள்ள ஒன்றுக்குள் ஏறுவது வேறு. காதலியின் பெயர், அம்மாவின் பெயர், சொந்த ஊரின் பெயர், கார்ட்டூன் முயல், சீட்டுக்கட்டு, அதிர்ஷ்டக் குதிரை லாடம். லாரியின் நெற்றியில் பெண்ணின் பெயரை எழுதுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எதிரிக்குக் காட்டுவது இதன் வேலை இல்லை. இருபதாயிரம் அடி உயரத்தில், எதிரில் பாய்ந்து வரும் எதிரி விமானிக்கு மூக்கில் இருக்கும் பெண்ணின் முகமா தெரியப்போகிறது? அந்தப் படத்தைப் பார்க்க வேண்டியவர்கள் கீழே நின்று ஏறுகிறவர்களும், திரும்பி வருகிறதா என்று வானத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டு நிற்கிற மெக்கானிக்குகளும்தான்.

பெயர் இருந்தாலும் விமானம் அவர்களுக்கே சொந்தம் என்று ஆகிவிடாது. மோர்கனின் குழு தன் 25இல் சிலவற்றை வேறு விமானங்களில் முடித்தது. ‘மெம்ஃபிஸ் பெல்’லின் 25ஆவது மிஷனில் அதை ஓட்டியது வேறொரு குழு. மோர்கனும் மார்கரெட்டும் பிறகு கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சுருக்கம்: நோஸ் ஆர்ட்டின் வேலை, எண்ணாக இருந்த இயந்திரத்தை உள்ளே ஏறுகிறவர்களுக்குச் சொந்தமான ஒன்றாக மாற்றுவது.

## பக்கத்தில் இருக்கும் குட்டிக் குண்டுகள்

படத்துக்குப் பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குண்டுகள் வரைந்திருக்கும். ஒரு குண்டு என்றால் ஒரு மிஷன். பால் கணக்கு எழுதும்போது சுவரில் கோடு போடுவது போல. எதிரி விமானத்தை வீழ்த்தியதாகக் கணக்கு இருந்தால் அந்த நாட்டின் சின்னம் ஒன்று. இத்தாலிக்குப் போய்வந்த சில பிரிட்டிஷ் விமானங்களில் குண்டுக்குப் பதிலாக ஐஸ்கிரீம் கோன். இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன விமானங்களில் ஒட்டகம், ஏனென்றால் அந்தப் பாதைக்கு ‘திமில்’ என்று பட்டப்பெயர்.

லண்டனில் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கும் லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தின் மூக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவற்றோடு, ஜெர்மனியின் மீது எந்த எதிரி விமானமும் பறக்காது என்று ஜெர்மன் விமானப் படைத் தலைவர் ஹெர்மன் கோரிங் கொடுத்த வாக்குறுதியையும் எழுதிவைத்திருக்கிறார்கள். படமே இல்லாமல் ஒரு முழு நோஸ் ஆர்ட்.

## மேலிடம் என்ன சொன்னது?

அமெரிக்க ராணுவ விமானப் படை உத்தரவு போட்டு வரையச் சொல்லவில்லை, பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டது. மன உறுதிக்கு நல்லது என்று தளபதிகள் நினைத்தார்கள். அமெரிக்கக் கடற்படை அவ்வளவு இடம் கொடுக்கவில்லை. தலைமையகத்திலிருந்து தள்ளிப்போகப் போக உடையும் குறைந்தது. பசிபிக் தீவுகளில் வரைந்த படங்கள் இங்கிலாந்தில் இருந்தவற்றைவிடத் துணிச்சலானவை.

ஒரு பெயர் திருப்பித் தாக்கிய கதையும் உண்டு. 1943 கடைசியில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்ட ஒரு அமெரிக்க விமானப் படைவீரரின் ஜாக்கெட்டின் முதுகில் ‘மர்டர் இன்க்.’ என்று எழுதியிருந்தது. அவர் பறந்த விமானத்தின் பெயர் அது. ‘கொலைக் கம்பெனி’ என்று அர்த்தம். ஜெர்மன் பத்திரிகைகள் அந்தப் புகைப்படத்தைப் போட்டு, இவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் பாருங்கள் என்று எழுதின. அதன் பிறகு மேலிடம் பெயர்களைக் கொஞ்சம் கவனிக்க ஆரம்பித்தது.

## அம்மாவின் பெயர்

இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

1945 ஆகஸ்ட் 5 அன்று, பசிபிக் கடலின் டினியன் தீவில் ஒரு பி-29 விமானத்தின் மூக்கில் இரண்டு சொற்கள் எழுதப்பட்டன: ‘இனோலா கே’. மறுநாள் அதை ஓட்டவிருந்த கர்னல் பால் டிபெட்ஸின் அம்மாவின் பெயர். படம் எதுவும் இல்லை. அந்த விமானத்தை வழக்கமாக ஓட்டி வந்த ராபர்ட் லூயிஸ், தன்னைக் கேட்காமல் எழுதிவிட்டார்களே என்று கோபப்பட்டார். பெயர் வைக்கும் உரிமை யாருடையது என்பது அவர்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம். மறுநாள் காலை அந்த விமானம் ஹிரோஷிமாவின் மீது அணுகுண்டைப் போட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்ததாக அந்த நகரம் கணக்கிடுகிறது. பெற்ற தாயின் பெயரை எழுதியது பாசம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பாசத்துக்கும் கீழே இருந்த ஊருக்கும் இடையில் இருந்த தூரம்தான் என்னால் தாண்ட முடியாதது.

மூன்று நாள் கழித்து நாகசாகிக்குப் போன விமானம் ‘பாக்ஸ்கார்’. மூடிய சரக்கு ரயில் பெட்டியை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். அதன் வழக்கமான கேப்டன் பெயர் ஃபிரெடரிக் பாக், அதிலிருந்து வந்த சிலேடை. அருங்காட்சியகத்தில் அதன் மூக்கில் இறக்கை வைத்த ரயில் பெட்டி ஒன்று நாகசாகிக்குப் போவதாகப் படம் இருக்கிறது. ஆனால் 1945 ஆகஸ்ட் 9 அன்று அது அங்கே இல்லை. தாக்குதல் முடிந்த பிறகு வரைந்தது. ஆகவே ஒரு நோஸ் ஆர்ட்டைப் பார்த்தால், எப்போது வரைந்தது என்று கேட்பது நல்ல பழக்கம்.

## எஞ்சியவை

போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான விமானங்களை உருக்கி அலுமினியக் கட்டிகளாக்கினார்கள். பார்டிஜியனின் டிராகன் அரிசோனாவின் கிங்மேன் தளத்தில் இப்படித்தான் போனது. ‘மெம்ஃபிஸ் பெல்’ தப்பியது. இப்போது ஒஹாயோவின் டேட்டன் நகரத்தில், அமெரிக்க விமானப் படையின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல வருடப் புதுப்பிப்பு வேலைக்குப் பிறகு 2018 மே 17 அன்று மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். மோர்கனின் குழு 25ஆவது மிஷனை முடித்து அன்றோடு 75 வருடம்.

ஆர்கன்சாஸ் மாநிலத்தின் வால்நட் ரிட்ஜ் தளத்தில் உருக்கும் வேலைக்குப் பொறுப்பாக இருந்த ஒருவர், தனக்குப் பிடித்த படங்களை மட்டும் கோடாலியால் வெட்டி எடுத்துவைக்கச் சொன்னார். அப்படித் தப்பிய முப்பதுக்கும் மேற்பட்ட தகடுகள் டெக்சாஸில் ஒரு விமானப் பாதுகாப்பு அமைப்பிடம் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் பெண்கள்தான். நோஸ் ஆர்ட் என்றாலே அரைகுறை ஆடைப் பெண்கள் என்று நாம் நினைப்பதற்கு, அவர் கண்ணுக்குப் பிடித்ததும் ஒரு காரணம். ஊர்ப் பெயர்களும் அம்மாக்களின் பெயர்களும் கார்ட்டூன் முயல்களும் உலைக்குள் போய்விட்டன.